எவர் வெற்றி எவர் கணக்கில்?

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இனத்தின் வரலாறு அரண்மனையிலும் போர்க்களத்திலும் மட்டுமே எழுதப்படுகிறது என்று எண்ணுவோர் உளர். ஆடுகளத்தின் ஓரத்திலே எழுதுகோலும் ஏடுமாக அமர்ந்து, இன்னார் இன்ன நாட்டினர், இத்தனை முறை வென்றனர் என்று குறித்துக்கொண்டிருக்கும் கணக்கரும் வரலாறுதான் எழுதுகிறார். அவர் எழுதும் ஒரு சிறு சொல், ஓர் இனத்தின் எழுபது எழுபத்தைந்து ஆண்டு உழைப்பை இன்னோர் இனத்தின் பக்கத்திலே வரவு வைத்துவிடக்கூடும். இதற்குச் சான்றாக நடு ஐரோப்பாவில் வாழும் சுலோவாக்கியர் என்னும் சிறிய இனத்தாரின் வரலாறு, அவர்கள் உயிரினும் மேலாகப் போற்றும் பனிவளைகோல் ஆட்டத்தின் வழியாக, ஈண்டு எடுத்துரைக்கப்பெறுகிறது.

பனிவளைகோல் என்பது உறைந்த பனிக்கட்டித் தளத்தின்மேல், காலிலே சறுக்குக் கத்தி பொருத்திய புதையடியுடன் ஆடப்பெறுவது. பந்துக்கு மாற்றாக, கெட்டிப்படுத்திய தொய்வத்தாலான ஒரு வட்டு உண்டு. அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் வலைகாவலர். வட்டை எதிரணியின் வலைக்குள் செலுத்துவது ஓர் இலக்கு. இருபது இருபது மணித்துளிகளாக மூன்று பகுதிகள் ஆடுவர். வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூட்டணி 1917-இல் மொன்றியல் நகரில் தோன்றியது. நாடுகளுக்கிடையிலான போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்போ அதற்கும் முன்பாக, 1908-இல் பாரிசு நகரில் தோன்றியது. முன்னது ஆட்டக்காரரை ஊதியத்துக்கு அமர்த்துவது. பின்னது நாட்டின் பெயரால் களமிறக்குவது. இவ்விரண்டும் பேணிவரும் பதிவேடுகளே இவ்வுரையின் பொருள்.

தொழில்முறைக் கூட்டணியின் ஆட்டக்காரர் பட்டியலைப் பிரித்தால், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே அவர் பிறந்த ஊரும் நாடும் குறிக்கப்பட்டிருக்கும். பிறந்த இடத்தை எவரும் மாற்ற முடியாது; ஆகவே அதுவே உறுதியான அடையாளம் என்பது கணக்கரின் எண்ணம். இராடு இலாங்வே என்னும் அமெரிக்கரை எடுத்துக்கொள்வோர் இவ்வெண்ணத்தின் குறையை உடனே காண்பர். அவர் தந்தையார் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அதனால் இலாங்வே 1957-இல் தைவானில் பிறந்தார். வளர்ந்ததும் ஆட்டம் பயின்றதும் அமெரிக்காவில். 1983, 1984 ஆகிய ஈராண்டுகளிலும் கூட்டணியின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குரிய பரிசை அவர் பெற்றார். பிறந்த நாட்டின் வழியே கணக்கெடுத்தால் அப்பரிசுகள் இரண்டும் தைவானுக்குரியவை. தைவானியர் எவரும் அவ்வாறு கருதியதில்லை. அமெரிக்கர் எவரும் அதற்கு ஒப்பமாட்டார். வலிமை மிக்க நாட்டின் பிள்ளை எங்குப் பிறந்தாலும் அவனை அடையாளம் கண்டுகொள்ள உலகம் காத்திருக்கிறது. எளிய இனத்தின் பிள்ளைக்கோ அந்நற்பேறு வாய்ப்பதில்லை.

அவ்வாறு வாய்க்காத ஒருவரின் கதை இது. 1940-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், சுலோவாக்கியாவின் இலிப்தோவ் பகுதியிலுள்ள சோகோல்சே என்னும் சிற்றூரில், சுடானிசுலாவ் குவோத்து என்னும் குழந்தை பிறந்தது. 1948-இல் பொதுவுடைமைக் கட்சியார் ஆட்சியைக் கைப்பற்றினர். எட்டு அகவையே நிரம்பிய அச்சிறுவனை, நல்வாழ்வு கருதி, கனடாவில் வாழ்ந்த உறவினரிடம் பெற்றோர் ஒப்படைத்தனர். வளர்த்தவர்களின் குடும்பப்பெயர் மிக்கிட்டா. சுடானிசுலாவ் குவோத்து அன்று முதல் சுடான் மிக்கிட்டா ஆனார். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத அப்பிள்ளை, தெருவில் வளைகோல் ஆடிய கனடியச் சிறுவர்களோடு சேர்ந்தே அம்மொழியைக் கற்றுக்கொண்டார். வேற்று நாட்டிலிருந்து வந்த ஏதிலி என்று அவரை ஏளனம் செய்தோரும் உண்டு.

அந்த ஏதிலிதான் 1958 முதல் 1980 வரை சிக்காகோ அணி ஒன்றிலேயே ஆடி, 541 இலக்குகளை எய்தி, மேலும் 926 இலக்குகளுக்குத் துணைநின்றார். மிகுந்த புள்ளி எடுத்தவர், மிகச் சிறந்த ஆட்டக்காரர், பண்போடு ஆடியவர் என்னும் மூன்று பெரும்பரிசுகளையும் ஒரே பருவத்தில் வென்றார். 1967-இல் வென்றதை 1968-இலும் வென்றார். இவ்வருஞ்செயலை ஆற்றியவர் அவர் ஒருவரே.

எனினும் அவர் பெயருக்கு நேரே எந்த நாட்டை எழுதுவது? அவர் பிறந்தபோது அவ்வூர் இருந்தது சுலோவாக்கிய அரசில். அவர் வெளியேறியபோது அது செக்கோசுலோவாக்கியா. பழைய ஏடுகள் அப்பெயரையே எழுதின. 1993-க்குப் பின்னர் சுலோவாக்கியா என்று எழுதப்படுகிறது. ஊரேனும் மாறாமல் இருந்ததா எனின், அதுவும் இல்லை. இலிப்தோவ்சுகா மாரா என்னும் அணைக்காகச் சோகோல்சே ஊரை 1970-களில் நீர் மூடியது. பிறந்த இடமே மாறாத அடையாளம் என்ற கணக்கரின் கூற்றுக்கு, நீருக்கடியில் கிடக்கும் அச்சிற்றூரைவிடச் சிறந்த மறுமொழி வேறில்லை.

1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல் கனடா அணி பிராகா நகருக்குச் சென்று செக்கோசுலோவாக்கிய அணியுடன் ஆடியது. ஆட்டம் 3–3 என முடிந்தது. அன்று கனடா அணிக்குத் தலைமை தாங்கியவர் மிக்கிட்டா. தாம் பிறந்த மண்ணின் அணிக்கு எதிராக, வளர்த்த நாட்டின் சீருடையில் நின்ற அவரை, அரங்கத்து மக்கள் எழுந்து நின்று கையொலி செய்து வரவேற்றனர். பதிவேட்டில் அவர் அன்று கனடியர். மக்கள் உள்ளத்தில் அவர் எவர் என்பதைக் கையொலி கூறிற்று. ஆனால் கையொலியை எந்தக் கணக்கரும் ஏட்டில் ஏற்றுவதில்லை.

இனி, தனியாளின் கதையை விடுத்து, நாட்டின் கதைக்கு வருதல் வேண்டும்.

அரசு இல்லாத இனம் உலக அவையில் தன் பெயரோடு நிற்க முடியாது என்று அறிவுரை கூறுவோர் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு இவ்வாட்டத்தின் பதிவேடே விடையளிக்கிறது. பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றிய 1908-ஆம் ஆண்டிலேயே அதில் இடம்பெற்ற நாடுகளுள் ஒன்று பொகிமியா, அஃதாவது செக்கு மக்களின் நாடு. அப்பொழுது பொகிமியாவுக்குத் தனியரசு கிடையாது. அது ஆசுத்திரிய-அங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. ஆயினும் செக்கு மக்கள் ஆசுத்திரியா என்னும் பெயரில் ஆடவில்லை. தம் பெயரிலேயே ஆடினர். தம் பெயரிலேயே 1911-இல் பெர்லினில் ஐரோப்பிய வாகை சூடினர். 1914-இலும் சூடினர்.

இடையில் 1912-இல் பிராகாவில் நடந்த போட்டியிலும் பொகிமியாவே முதலிடம் பெற்றது. ஆனால் அப்போட்டியில் ஆடிய ஆசுத்திரியா அதுவரை கூட்டமைப்பில் உறுப்பினராகவில்லை என்று செருமானியர் முறையிட்டனர். போட்டி முழுவதும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. ஆட்டம் நடந்தது உண்மை, மக்கள் கண்டது உண்மை, வென்றது உண்மை. ஏட்டிலோ அவ்வாண்டின் வாகையர் எவரும் இலர். பதிவேடு என்பது நடந்ததைக் காட்டும் கண்ணாடியன்று, எதை நடந்ததாகக் கொள்வது என்று அதிகாரமுடையோர் செய்யும் முடிவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1918-இல் பேரரசு சிதைந்தது. செக்கரும் சுலோவாக்கியரும் இணைந்து செக்கோசுலோவாக்கியா என்னும் அரசை அமைத்தனர். இரண்டு இனம், இரண்டு மொழி, ஓர் அரசு, ஒரு பதிவேடு. 1947, 1949, 1972, 1976, 1977, 1985 ஆகிய ஆறு ஆண்டுகளில் அவ்வரசின் அணி உலக வாகை சூடியது. அவ்வணிகளில் செக்கு ஆட்டக்காரரே மிகுதியாக இருந்தனர் என்பது உண்மை; அதனை மறைத்தல் அறமாகாது. ஆனால் சுலோவாக்கியர் இல்லாத வரலாறும் அன்று அது.

1947-இல் வென்ற அணியில் காசிசு நகரத்து இலாதிசுலாவ் துரோயாக் இருந்தார். உலக வாகை சூடிய முதற் சுலோவாக்கியர் அவரே. அடுத்த ஆண்டு நவம்பரில் ஆங்கிலக் கால்வாயின்மேல் வானூர்தி விழுந்து அணியினர் அறுவர் மாண்டபோது அவரும் மாண்டார். 1972, 1976, 1977 ஆகிய மூன்று வெற்றிகளிலும் பங்குகொண்ட வலைகாவலர் விளாதிமிர் துசுரில்லா, பிராட்டிசுலாவாவில் பிறந்தவர். குளிர்பெட்டி பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எளியவர். 1976-ஆம் ஆண்டின் கனடாக் கிண்ணப் போட்டியில், கனடாவின் பெயர்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் அனைவரும் கூடி முயன்றும் ஓர் இலக்குக்கூட விடாது காத்து 1–0 என்ற வெற்றிக்கு வழிவகுத்தவர் அவர். மறுகரையிலிருந்த செய்தித்தாள்களோ அவ்வணியைச் செக்கர் என்றே சுருக்கி எழுதிவந்தன. நீண்ட பெயரைச் சுருக்குவது எழுதுவோருக்கு எளிது. எந்தப் பாதியை வெட்டுகிறார்கள் என்பதிலேதான் இன்னோர் இனத்தின் இருப்பும் இன்மையும் இருக்கின்றன.

இவ்வரலாற்றின் முழு வலியையும் ஒரே குடும்பத்தில் காண வேண்டுமாயின், சுடாசுட்னி உடன்பிறந்தாரின் வாழ்வை நோக்குதல் வேண்டும். சுடாசுட்னி என்பதற்குச் சுலோவாக்கிய மொழியில் மகிழ்வுடையவர் என்று பொருள். பிராட்டிசுலாவாவில் 1956-இல் பிறந்த பீட்டர் சுடாசுட்னி, செக்கோசுலோவாக்கியாவுக்காக 1976-லும் 1977-லும் உலக வாகை சூடியவர். 1980-இல் இன்சுபுருக்கு நகருக்கு ஆடச் சென்றபோது, அவரும் தம்பி அந்தோனும் நாடு திரும்பாமல் கனடாவின் கியூபெக் நகருக்குச் சென்றுவிட்டனர். அண்ணன் மரியான் ஊரிலே தங்கியிருந்தார். தம்பியர் சென்ற குற்றத்துக்காக அவருக்கு ஆடுகளம் அடைக்கப்பட்டது. மறு ஆண்டு அவரும் தப்பி வந்து தம்பியரோடு சேர்ந்தார். மூவரும் ஒரே அணியில் ஆடினர்.

பீட்டர் 1984-இல் கனடாக் குடியுரிமை பெற்று, அவ்வாண்டின் கனடாக் கிண்ணப் போட்டியில் கனடாவுக்காக ஆடினார். பத்தாண்டு கழித்து, 1994-ஆம் ஆண்டு இலில்லகாமர் குளிர்கால ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற சுலோவாக்கியாவின் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் அவரே. அப்போது அவர் அகவை முப்பத்தேழு. செக்கோசுலோவாக்கியா, கனடா, சுலோவாக்கியா என மூன்று சீருடை அணிந்தார் அவர். கியூபெக்கில் பிறந்த அவர் மக்கள் யானும் பாலும் அமெரிக்காவுக்காக ஆடினர். 2010 ஒலிம்பிக்கில் அமெரிக்கா பெற்ற வெள்ளியில் பாலுக்கும் பங்குண்டு. ஒரு தந்தையும் இரு மக்களுமாக நான்கு நாட்டுப் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கின்றனர். இதனைப் பெருமை என்பார் சிலர். தன் பெயரில் ஒரு நாடும் அந்நாட்டில் அச்சமில்லா வாழ்வும் முதலிலேயே இருந்திருப்பின் இச்சிதறல் நேர்ந்திருக்குமா என்று வினவுவோரே உண்மையை அணுகியவர் ஆவர்.

1993-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், குருதி சிந்தாமல், செக்கோசுலோவாக்கியா இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. அந்நாளில் சுவீடனில் இளையோர் உலக வாகையர் போட்டி நடந்துகொண்டிருந்தது. திசம்பர் 26-இல் செக்கோசுலோவாக்கியா என்னும் பெயரில் ஆடத் தொடங்கிய இளைஞர், புத்தாண்டு விடிந்தபோது தம் சீருடையில் பொறித்திருந்த நாடு உலகில் இல்லை என்று அறிந்தனர். எஞ்சிய ஆட்டங்களைச் செக்கு-சுலோவாக்கு என்னும் பெயரில் ஆடி வெண்கலம் பெற்றனர். நாடு மறைந்த பின்னும் அணி இருந்தது.

வீடு இரண்டானால் கணக்கும் இரண்டாக வேண்டும் அல்லவா? பன்னாட்டுக் கூட்டமைப்பு செய்ததென்ன? உலகப் போட்டியின் முதற்பிரிவில் செக்கோசுலோவாக்கியாவுக்கு இருந்த இடத்தைச் செக்குக் குடியரசுக்கு வழங்கிற்று. பழைய அரசின் வெற்றிகளும் செக்கு நாட்டின் வழிவழிச் சொத்தாகவே எண்ணப்படலாயின. 2024-இல் பிராகாவில் செக்கு அணி வென்றபோது அது பதின்மூன்றாம் பட்டம் என்று கொண்டாடப்பெற்றது. தனிநாடாகிய பின் வென்றவை ஏழு. எஞ்சிய ஆறும் பழைய பொதுக் கணக்கிலிருந்து வந்தவை. சுலோவாக்கியாவுக்கோ, அதற்கு முன் ஆட்டமே அறியாத புதிய நாட்டுக்குரிய இடமே கிடைத்தது. அது மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது முடிவு.

அம்முடிவின் முரணைக் காண்மின்! ஒலிம்பிக்கில் இடம்பெறச் சுலோவாக்கியர் 1993-இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் தகுதிப் போட்டி ஆடி வென்றனர். 1994 பிப்பிரவரியில் ஒலிம்பிக் களத்தில் கனடாவை 3–1 என வீழ்த்தினர். சுவீடனோடும் அமெரிக்காவோடும் சமன் செய்து, தம் குழுவில் ஓர் ஆட்டமும் தோற்காமல் முதலிடம் பெற்றனர். அடுத்த திங்களே அவர்கள் உலகப் போட்டியின் மூன்றாம் பிரிவில், தொடக்கநிலை அணிகளோடு ஆட வேண்டியிருந்தது. களத்தில் உலகின் முதல்நிலை அணிகளுக்கு நிகர், ஏட்டிலோ கடைநிலை. ஆற்றல் குறைந்தமையாலன்று, பெயர் பதிவாகாமையால் நேர்ந்த தாழ்வு அது.

சுலோவாக்கியர் புலம்பிக்கொண்டு அமரவில்லை. 1994-இல் மூன்றாம் பிரிவை வென்றனர். 1995-இல் பிராட்டிசுலாவாவில் இரண்டாம் பிரிவை வென்றனர். 1996-இல் வியன்னாவில் முதற்பிரிவிற் காலூன்றினர். 2000-இல் இறுதி ஆட்டம் வரை சென்று, அதே செக்கு அணியிடம் 5–3 எனத் தோற்று வெள்ளி பெற்றனர். 2002-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், சுவீடனின் கோத்தன்பர்கு நகரில், உருசியாவுக்கு எதிரான இறுதி ஆட்டம் 3–3 என நின்றது. முடிய இன்னும் நூறு நொடிகளே இருந்த வேளையில் பீட்டர் போண்ட்ரா வட்டை வலைக்குள் செலுத்தினார். ஐம்பது இலக்கம் மக்களே வாழும் அச்சிறிய நாடு, தன் பெயரில், தன் கொடியின் கீழ், உலக வாகை சூடியது. மூன்றாம் பிரிவிலிருந்து உலக முதலிடத்துக்கு எட்டே ஆண்டுகள்!

தோழர்களே, ஈண்டு ஒன்றை ஆழ எண்ணுதல் வேண்டும். அப்பொன்னான இலக்கை எய்திய போண்ட்ரா பிறந்தது சுலோவாக்கியாவில் அன்று. அவர் 1968-இல் உக்ரைனின் உலுத்சுக்கு நகரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு சுலோவாக்கியாவின் பொப்பிராது நகருக்கு வந்தவர். தொழில்முறைக் கூட்டணியில் அவர் எய்திய 503 இலக்குகளும், பிறப்பிடக் கணக்கின்படி, உக்ரைனுக்குரியவை. ஆனால் அவர் வளர்ந்த மண், கற்ற களம், ஏந்திய கொடி யாவும் சுலோவாக்கியாவின. அவரைச் சுலோவாக்கியர் தம்மவர் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர்.

பிறந்த இடத்தை வைத்து மிக்கிட்டாவைத் தம்மவர் என்போர், அதே அளவுகோலால் போண்ட்ராவை இழக்க நேரும். சீருடையை வைத்துப் போண்ட்ராவைத் தம்மவர் என்போர், மிக்கிட்டாவைக் கனடாவுக்கு விட்டுவிட நேரும். ஓர் அளவுகோல் போதாது என்பதே இதன் பாடம். நேர்மையான பதிவேட்டுக்கு மூன்று பத்திகள் வேண்டும்: எங்குப் பிறந்தார், எங்கு வளர்ந்து பயின்றார், எவர் பெயரால் ஆடினார் என மூன்றையும் தனித்தனியே எழுதுதல் வேண்டும். ஒன்றை எழுதி மற்ற இரண்டை விழுங்கும் ஏடு, பொய் எழுதாமலே பொய்யுரைக்கும் ஏடு ஆகும்.

அப்பதிவைப் பிறர் செய்வர் என்றும் சுலோவாக்கியர் காத்திருக்கவில்லை. தங்கள் வளைகோல் ஆட்டத்துக்கெனப் புகழவை ஒன்றை 2002-இல் தாங்களே நிறுவினர். செக்கோசுலோவாக்கியப் பெயரில் ஆடிய துரோயாக்கும் துசுரில்லாவும், கனடியராக ஆடிய மிக்கிட்டாவும், மூன்று சீருடை அணிந்த சுடாசுட்னியும் அதில் ஒருங்கே வீற்றிருக்கின்றனர். மொராவியாவில் பிறந்து பிராட்டிசுலாவாவின் அணிக்காகப் பல்லாண்டு ஆடிய நெதோமான்சுகியும் அவர்களோடு இடம்பெற்றுள்ளார். காசிசு நகரின் பனியரங்கம் துரோயாக்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. செக்கரின் கணக்கிலிருந்து ஒரு பட்டத்தையும் அவர்கள் பறிக்கவில்லை. தம் பிள்ளைகள் ஆற்றியதைத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டனர். பிறர் ஏட்டைக் கிழிப்பதால் ஓர் இனம் உயர்வதில்லை. தன் ஏட்டைத் தான் எழுதுவதாலேயே உயர்கிறது.

தமிழ்ப் பெருமக்களே! பனியே விழாத மண்ணில் நின்று பனியாட்டத்தின் கதையைக் கேட்டதன் பயன் இதுவே. தன் பெயரில் ஏடு வைத்திராத இனத்தின் வெற்றி, ஏடு வைத்திருப்பவனின் வெற்றியாகிறது. ஊரும் பெயரும் மொழியும் நாளும் பிழையின்றிக் குறித்துவைத்தல் எளிய பணி, ஆரவாரமற்ற பணி, ஆயினும் அதனை ஒரு தலைமுறை செய்யத் தவறினால், அடுத்த தலைமுறை மூன்றாம் பிரிவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கழகத்திலும் தமிழிளைஞர் தம்மவர் ஆற்றிய செயல்களைத் தமிழில், தமிழ்ப்பெயரில், உண்மை வழுவாது எழுதத் தொடங்குக! சோகோல்சே என்னும் சிற்றூரை நீர் மூடிவிட்டது. ஆனால் அவ்வூர்ப் பிள்ளையின் பெயர் அவன் இனத்தாரின் ஏட்டில் நிலைத்துவிட்டது. ஊரை மூடும் நீரும் ஏட்டிலுள்ள பெயரை மூட முடியாது.

வாழ்க தமிழ்! வெல்க உண்மை!